பாடம் நடத்துவது ஆசிரியரா, பாஸ்போர்ட்டா?

தென் கொரியாவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. லீவு விட்டாச்சு, பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. பல பிள்ளைகளுக்கு அதே பள்ளிக்கூடத்திலோ, வேறு ஊரில் தங்கும் வசதியுள்ள ஓர் இடத்திலோ ஆங்கில முகாம் காத்திருக்கும். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நடக்கும் இந்த முகாம்களில் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள்.

முகாமில் இலக்கணப் புத்தகத்துக்கு அதிக வேலை இல்லை. விளையாட்டுக் காசு கொடுத்து, ஆங்கிலத்தில் விலை கேட்டு மிட்டாய் வாங்க வேண்டும். விமான நிலைய அதிகாரியாக நடிக்கும் ஆசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பாட்டு, நாடகம், சமையல் எல்லாம் உண்டு. 2006-ல் சியோலுக்கு அருகே பாஜு என்ற ஊரில் கியோங்கி மாகாண அரசு இதற்கென்றே ஓர் 'ஆங்கில கிராமம்' கட்டியது. உள்ளே நுழையும்போதே வெளிநாட்டுக்குள் போவது போன்ற சோதனை. அப்புறம் ஐரோப்பிய ஊர் போன்ற தெரு, வங்கி, தபால் நிலையம்! செலவுக்கு ஏற்ற வரவு இல்லை என்ற விமர்சனமும் சில ஆண்டுகளிலேயே எழுந்தது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? கொரியாவில் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாக இருக்கிறது. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டுப் பதிலெழுதும் பகுதி நடக்கும் நேரத்தில், சத்தம் இடைஞ்சலாகிவிடக் கூடாது என்று நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்தி வைக்கிறார்கள். மனைவியையும் பிள்ளையையும் ஆங்கிலம் பேசும் நாட்டுக்கு அனுப்பிவிட்டு, தனியாக இருந்து சம்பாதித்துப் பணம் அனுப்பும் அப்பாக்களுக்கு அங்கே 'கிரோகி அப்பா' என்று தனிப் பெயரே உண்டு. காட்டு வாத்து அப்பா என்று அர்த்தம். அந்த அளவுக்கு வசதி இல்லாத வீடுகளுக்குத்தான் உள்ளூர் முகாம்.

சரி, இவ்வளவு ஆசையோடு சேர்க்கும் பிள்ளைக்கு யார் பாடம் நடத்தலாம்? பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆங்கில உரையாடல் ஆசிரியர்களுக்கு கொரியா தரும் விசாவின் பெயர் ஈ-2. அதற்குத் தகுதி பெற்றவை ஏழு நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தால், எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியிருந்தாலும் தனியார் டியூஷன் சென்டரில் ஆசிரியராகிவிடலாம். கணக்கியல் படித்தவர் வரலாம், கடல் உயிரியல் படித்தவரும் வரலாம். இதற்கு முன் ஒரு குழந்தைக்குக்கூட அவர் 'ஏ பி சி டி' சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

பட்டியலையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அது பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி ஏறக்குறைய 48 சதவீதம் பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். பள்ளியில் பாடம் நடப்பதும் ஆங்கிலத்தில். அது பட்டியலில் இல்லை. அப்படியென்றால் இங்கே அளக்கப்படுவது ஆங்கிலமா, வேறு ஏதாவதா?

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. கொரியப் பெற்றோர்கள் விடுமுறையில் பிள்ளைகளை செபு, பாகியோ போன்ற பிலிப்பைன்ஸ் ஊர்களில் நடக்கும் ஆங்கில முகாம்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஆனால் அதே ஆசிரியர் சியோலுக்கு வந்து அதே பிள்ளைக்குப் பாடம் நடத்த நினைத்தால், அவருடைய பாஸ்போர்ட்டுக்கு ஈ-2 விசா இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நல்ல ஆசிரியர், இந்தப் பக்கம் தகுதியில்லாதவர்!

இந்தியர்களுக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தில் ஆங்கில உதவி ஆசிரியர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் டிகிரியோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வருபவர் பயிற்சி பெற்றிருக்கத்தான் வேண்டும். அந்த நியாயம் மற்ற ஏழு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை என்பதுதான் கேள்வி.

இதை வெறும் நிறவெறி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதுவும் கொஞ்சம் இருக்கிறது என்றாலும், சந்தையின் கோளாறும் சேர்ந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் சந்தையே கெட்டுப்போகிறது என்பது அதன் சாரம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆங்கில முகாமும் அந்த மாதிரிச் சந்தைதான். இரண்டு வாரத்தில் பிள்ளை எவ்வளவு கற்றுக்கொண்டது என்று ஆங்கிலம் தெரியாத பெற்றோரால் எப்படி அளக்க முடியும்? கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை வைத்து முடிவு செய்கிறார்கள். விளம்பரத் தாளில் இருக்கும் ஆசிரியரின் முகம் அது. முகாம் நடத்துபவரும் அதையே விற்கிறார். அரசாங்கத்தின் விசா விதியும் அந்த லேபிளுக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது.

"பிள்ளை சரியான உச்சரிப்பைக் கேட்க வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அயர்லாந்துக்காரர் பேசுவதும் தென்னாப்பிரிக்கர் பேசுவதும் ஒரே உச்சரிப்பா என்ன? முகாம் பலன் தருவதற்குக் காரணமும் வேறு. ஆசிரியருக்குக் கொரிய மொழி தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும், பக்கத்துப் பையன் கிள்ளிவிட்டான் என்று புகார் சொல்ல வேண்டுமென்றாலும், ஆங்கிலத்தில்தான் சமாளித்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தில் கூச்சம் உடைகிறது. இதற்கு ஆசிரியர் கொரிய மொழி தெரியாதவராக இருந்தால் போதும். லண்டனில் பிறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மணிலாவில் பிறந்திருக்கலாம், மதுரையிலும் பிறந்திருக்கலாம்.

அதோடு, ஆங்கிலத்தை இன்னொரு மொழியின் மேல் கற்றுக்கொண்டவருக்குப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று தெரியும். கொரிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், தமிழைப் போலவே. ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' இரண்டுக்கும் நேரான சொல் கொரியனில் கிடையாது. 'எஃப்' ஒலியும் கிடையாது, அதனால் காஃபி அங்கே 'கொப்பி'. பஸ் என்பது 'பொஸு'. நம்மூரில் 'பஸ்ஸு', 'ஸ்கூலு' என்று சொல்வதைக் கேட்டவருக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த மேட்டை ஏறி வந்தவருக்கு வழி தெரியும். பிறந்ததிலிருந்து மேட்டின் மேலேயே இருப்பவருக்கு, கீழே நிற்கும் குழந்தை ஏன் மூச்சு வாங்குகிறது என்பதே புரியாமல் போகலாம்.

தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்பது தவறான நம்பிக்கை என்று மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-லேயே எழுதிவிட்டார். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டீசோல் 2006-ல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கையும் வெளியிட்டது. விசா விதிதான் இன்னும் மாறவில்லை.

ஏழு நாட்டு இளைஞர்கள் வரக்கூடாது என்பதல்ல வாதம். அவர்களில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பழகி, அருமையாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கும் இந்த விதி அவமானம்தான். நன்றாக நடத்தினாலும் வேலை கிடைத்தது பாஸ்போர்ட்டால் என்று ஆகிவிடுகிறதே! எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு தேர்வு, குழந்தைகள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு, குறைந்தபட்சப் பயிற்சி. தேறியவர் எந்த நாடாக இருந்தால் என்ன?

இன்று முகாமில் மிட்டாய் விலை கேட்கும் கொரியக் குழந்தை, நாளை வேலைக்குப் போகும்போது யாரோடு ஆங்கிலம் பேசப்போகிறது? சாம்சங்குக்கு வியட்நாமில் தொழிற்சாலை. ஹூண்டாய்க்கு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை. எதிரே உட்கார்ந்திருப்பவர் வியட்நாமியராகவோ தமிழராகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர்களுடைய ஆங்கிலமும் ஆங்கிலம்தான் என்பதை எட்டு வயதிலேயே அந்தக் குழந்தை தெரிந்துகொண்டால், முகாமுக்குக் கட்டிய பணம் வீண் போகாது.