கார் நடுங்குகிறது, தவணை மட்டும் நிற்பதில்லை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் உறவினர் ஒருவர் ஏழு பேர் அமரும் புதிய ஓட்டோ கார் எடுத்தார். எட்டாவது மாதமே, சமிக்ஞை விளக்கில் நின்று கிளம்பும்போது கார் நடுங்கத் தொடங்கியது. சேவை மையத்தில் கியர் எண்ணெயை மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே நடுக்கம். மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மூன்றாம் முறை போனபோது, "அண்ணே, நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பேருந்து எட்டிப் பார்க்காத தோட்டம் அது. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் பாட்டி ஈப்போ மருத்துவமனைக்குப் போவதும் அந்தக் காரில்தான். கார் பட்டறையில் கிடந்தாலும் வங்கிக்கு மாதத் தவணை கட்டியாக வேண்டும். நம் நாட்டில் கார் கடனை ஒன்பது ஆண்டு வரை இழுக்கலாம். உத்தரவாதமோ பெரும்பாலும் ஐந்து ஆண்டுதான்.

"ஓட்டும் விதம்" என்ற பதில் புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபோர்ட் நிறுவனத்தின் 'பவர்ஷிஃப்ட்' கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களில் நடுக்கம் என்று புகார் செய்த சிலருக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அந்நாட்டுப் பயனீட்டாளர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

பக்கத்துச் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்.

நம்மிடமும் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் பழுதை நீக்காவிட்டால், வேறு இடத்தில் சரிசெய்து செலவைக் கேட்கலாம்; பொருளையே திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் நியாயமான காலம் என்பது எவ்வளவு? எத்தனை தடவை பட்டறைக்கு அலைந்தால் போதும்? சட்டத்தில் கணக்கு இல்லை. அந்தக் கணக்கு இல்லாததால்தான் நாம் நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் அலைகிறோம் என்பது என் கருத்து.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். ஆனால் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். ஏழு பேர் அமரும் புதிய காரின் விலை அதற்கு மேல். ஆகவே பழுதுச் செலவைக் கேட்க அங்கே போகலாம். முழு விலையையும் கேட்பதென்றால் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். மாதச் சம்பளக்காரர் எத்தனை பேர் ஏறுவார்கள்?

மன்றமோ நீதிமன்றமோ, முதலில் கேட்பது காகிதத்தைத்தான். உறவினரிடம் இருந்த மூன்று ரசீதுகளிலும் "வழக்கமான சர்வீஸ்" என்றே எழுதியிருந்தது. நடுக்கம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. வாயால் சொன்ன புகார் வாயோடு போயிற்று.

அடுத்த வாரம் நான்காம் முறை போகிறார். இந்தத் தடவை, கிளம்பும்போது கார் நடுங்குவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்திருக்கிறார். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டப் போகிறார். புகாரை அவர் சொன்னபடியே எழுதாத தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறார்.