சட்டைப்பைக் கைநூல்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியேற்கும் நம் பிள்ளைகளுக்குச் சட்டைப்பையில் அடங்கும் மருத்துவக் கைநூலொன்றைப் பரிசளிக்க விழைகிறோமா? விலையை நோக்குமுன் பதிப்பாண்டை நோக்குதல் வேண்டும். பெரியவரின் இதயம் நின்றுவிட்டால் 15 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சளிக்குமாறு பழைய நூல்கள் கூறின. 2005-இல் அது 30-க்கு 2 என மாறிற்று. 2010-இல், மூச்சுப்பாதையைச் சீர்செய்யுமுன் மார்பை அழுத்தத் தொடங்குக என வரிசையும் மாறிற்று.

அடுத்து, குழந்தைகளுக்கான மருந்தளவு உடல் எடையின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் எனத் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளதா எனக் காண்போம். தசமப்புள்ளி ஓரிடம் பிறழ்ந்தால் அளவு பத்து மடங்காகிவிடும்.

நூலை ஓய்வு வேளையிலேயே புரட்டிப் பழகுமாறு பிள்ளைகளிடம் சொல்வோம். நோயாளியின் அருகே நின்று பக்கம் தேட நேரமிராது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைப்பதை விடுத்து, புதிய பதிப்பையே வாங்கித் தருவோமாக.