ஸிகில்லிய்யாவின் பொற்காசும் நம்மவர் பெருமையும்

சிசிலித் தீவில் அரபு எழுத்துப் பொறித்து அடிக்கப்பெற்ற பழங்காசுகளை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பது ஒரு சமுதாயத் தொண்டு என்னும் பேச்சு நம்மவரிடையே கேட்கத் தொடங்கியிருக்கிறது. கையில் பொருளும், இணையத்தின் வழியே அயல்நாட்டு ஏலங்களில் பங்குகொள்ளும் வசதியும் படைத்த அன்பர்கள் சிலர், "இவை நம் முன்னோரின் காசுகள், பிறர் கையில் கிடப்பதைவிட நம் வீட்டுப் பேழையில் இருப்பதே சிறப்பு" என்கின்றனர். செவிக்கு இனிமையான சொல்தான். ஆயினும் வரலாற்றுக்கும் மார்க்கச் சட்டத்துக்கும் ஒருங்கே மாறான சொல் என்பது நம் துணிபு. அதனை மறுக்கவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

அக்காசுகள் எத்தகையன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அரபு நூல்கள் ஸிகில்லிய்யா என்றழைக்கும் அத்தீவில், ஹிஜ்ரி 212ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 827இல், கைரவான் நகரின் காழியார் அஸது இப்னுல் ஃபுராத் அவர்கள் அக்லபிகளின் படையோடு மஸாராவில் கரையிறங்கினார்கள். இமாம் மாலிக் அவர்களிடமும், இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் அவர்களிடமும் பாடம் கேட்ட பெருந்தகை அவர்கள். மறு ஆண்டே மறைந்தார்கள். 831இல் பலெர்மோவும் 878இல் சிரக்கூசும் 902இல் தாவோர்மினாவும் வீழ்ந்தன. அக்லபிகளுக்குப்பின் பாத்திமிகளும், அவர்கள் சார்பில் கல்பீ குடும்பத்து அமீர்களும் ஆண்டனர். இவ்வாட்சிகளில் தீவின் தனி அடையாளமாய் விளங்கியது 'ருபாஈ' எனப்படும் கால் தீனார். ஏறத்தாழ ஒரு கிராம் எடை. சட்டைப் பொத்தானைவிடப் பெரிதன்று. அதனினும் சிறிய வெள்ளிக்காசு 'கர்ரூபா' எனப்பட்டது.

இந்த ருபாஈயை வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் பதித்துக் கூடத்தில் மாட்டுவோர் அதன் எழுத்தைப் படித்ததுண்டா என்று வினவுகின்றோம். சந்தைக்கு வருபவற்றுள் மிகுதி பாத்திமிகள் காலத்தவை. கலீஃபா அல் முஸ்தன்ஸிரின் பெயரில் அடிக்கப்பெற்ற காசுகளில் வரிகள் விண்மீன் கதிர்களைப்போல் விரிந்து கிடக்கும், கண்ணுக்கு அழகுதான். அவர்களுடைய காசுகள் பலவற்றில் கலிமாவை அடுத்து 'அலிய்யுன் வலிய்யுல்லாஹ்' என்னும் தொடர் நிற்கும். இஸ்மாயீலியரின் அச்சொற்றொடரைச் சுன்னத் வல்ஜமாஅத் இல்லங்கள் 'நம் முன்னோர் கலிமா' என்று விருந்தினருக்குக் காட்டி மகிழ்கின்றன! காட்டுவதில் குற்றமில்லை, வரலாறு வரலாறே. ஆனால் இன்னதென்று அறியாமல் காட்டுவதற்குப் பெயர் தொண்டன்று.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 1061இல் நார்மானியர் தீவில் நுழைந்தனர். 1072இல் பலெர்மோவைக் கொண்டனர். 1091இல் கடைசி ஊரான நோத்தோவும் பணிந்தது. வென்றவர்கள் காசை மாற்றவில்லை. அதே கால் தீனாரை, அதே அரபு எழுத்தில், தம் பெயரிட்டு அடித்தனர். இலத்தீன் ஏடுகள் அதனைத் 'தாரி' என்றன. 'தரீ' என்னும் அரபுச் சொல்லுக்குப் புதியது, பச்சையானது என்பது பொருள். புத்தம்புதிதாய் அச்சிலிருந்து வந்த காசு என்று கொள்க. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் 'அல் முஃதஸ்ஸு பில்லாஹ்' என்று தம்மைப் பொறித்துக்கொண்டார். அவர் மகன் முதலாம் வில்லியம் 'அல் ஹாதீ பி அம்ரில்லாஹ்'. பேரன் இரண்டாம் வில்லியம் 'அல் முஸ்தஇஸ்ஸு பில்லாஹ்'. கலீஃபாக்களின் பட்டங்களோ என்று மயங்கவைக்கும் பெயர்கள். காசைத் திருப்பினால் நடுவே சிலுவை நிற்கும். இருபுறமும் 'இயேசு கிறிஸ்து வெல்கிறார்' என்பதன் கிரேக்க எழுத்துகள் நிற்கும்.

இதனை நம் முன்னோர் காசென்பது எப்படி? "கிறித்தவ மன்னனே நம் மொழியைத் தலைமேல் வைத்துப் போற்றினான் பாருங்கள்" என்பர். போற்றினான் என்பதில் ஓரளவு உண்மையுண்டு. ரோஜரின் அவையில் இருந்துதான் அல் இத்ரீஸீ 1154இல் தம் உலகப் புவியியல் நூலை முடித்தார். 1184இன் இறுதியில் மெஸ்ஸினாக் கடலில் கப்பல் உடைந்து கரையேறிய இப்னு ஜுபைர், இரண்டாம் வில்லியம் அரபி எழுதப் படிக்க வல்லவர் என்று குறித்துள்ளார். ஆனால் அதே பயணி, அரண்மனைப் பணியாளர்கள் தம் ஈமானை மறைத்து வாழ்ந்ததையும் முஸ்லிம்களின் நெஞ்சை அரித்த அச்சத்தையும் கண்ணீரோடு எழுதியிருக்கிறாரே, அப்பக்கத்தை ஏன் புரட்டுவதில்லை? 1161இல் பலெர்மோவில் முஸ்லிம்கள் வெட்டப்பட்டனர். 1189இல் வில்லியம் இறந்ததும் மீண்டும் அதுவே நிகழ, எஞ்சியோர் மேற்கு மலைகளுக்கு ஓடினர். காசின்மேல் மட்டும் அரபி இருந்துகொண்டேயிருந்தது. ஏனெனில், சிசிலியின் கோதுமை ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது. அங்கிருந்து பொன் வந்தது. அப்பொன்னைக் காசாக்கினால் மஹ்திய்யாவின் வணிகனும் எகிப்தின் வணிகனும் அதனைத் தயங்காது கைநீட்டி வாங்க வேண்டும். ஆகவே அந்த எழுத்தை நம் பெருமைக்குச் சான்றாக்குவதும், மன்னரின் பரந்த உள்ளத்துக்குச் சான்றாக்குவதும் ஒருசேரப் பிழை. அதில் பேசுவது முதன்மையாகக் கோதுமைக் கணக்கே.

எழுத்தின் முடிவையும் காசிலேயே காணலாம். இரண்டாம் ஃபிரெடரிக்கின் காலத்துத் தாரிகளை எடுத்துப் பாருங்கள். அரபு எழுத்துப் போன்ற கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். படிக்க முயன்றால் ஒன்றும் வாராது. எழுத்தறிந்த கைகள் அச்சுக்கூடத்தில் அருகிவிட்டன. உருவம் மட்டும் வழக்கத்தால் நிலைத்தது. அதே காலத்தில், 1220களின் தொடக்கத்தில், மலைகளில் ஒதுங்கிய முஸ்லிம்களுக்குத் தலைவராய் எழுந்த முஹம்மத் இப்னு அப்பாத் என்பவர், எண்டெல்லாக் கோட்டையை அரணாகக் கொண்டு, தம் பெயரை அரபியில் பொறித்துச் சிறு வெள்ளிக்காசு அடித்தார். அரசரின் காசில் எழுத்துச் செத்துக்கொண்டிருந்த வேளையில் மலைமேல் ஒருவர் படிக்கத்தக்க எழுத்தில் காசடித்தார்! கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அம்மக்கள் இத்தாலிய நிலப்பரப்பின் லுசேராவுக்குக் கூட்டங்கூட்டமாய் நாடு கடத்தப்பட்டனர். 1246இல் யாத்தோ மலையின் ஊரும் அழிக்கப்பட்டது. 1300இல் லுசேராவும் அழிக்கப்பட்டு, அங்கிருந்தோர் அடிமைகளாய் விற்கப்பட்டனர்.

அந்த மக்களைப்பற்றி நமக்கு இன்று மிஞ்சியிருப்பது எவ்வளவு? அவர்களே எழுதி வைத்த வரலாறு ஏதும் நம் கைக்கு வரவில்லை. பகைவர் ஏடுகளில் சில வரிகள். மண்ணுக்குள் சில சுவர்கள், சட்டிகள், காசுகள். யாத்தோ மலையில் 1971 முதல் சூரிச் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்து வருகின்றனர். அங்கே ஒரு காசு கிடைத்தால் எந்த வீட்டுத் தரையில், எந்த அடுக்கில், எந்தச் சாம்பலுக்குக் கீழே கிடைத்தது என்று குறிப்பர். அக்குறிப்பிலிருந்து அவ்வீடு எப்போது எரிந்தது, அதில் வாழ்ந்தோர் எந்தக் காசைப் புழங்கினர், மலையில் ஒடுங்கிய பின்னும் கடற்கரைச் சந்தையோடு தொடர்பு வைத்திருந்தனரா என்பனவெல்லாம் துலங்கும். உலோகம் காட்டும் கருவியோடு இரவில் ஏறும் ஒருவன் அதே காசைத் தோண்டினால் என்ன கிடைக்கும்? ஒரு விலை. குழியை மூடிவிட்டுப் போய்விடுவான். மங்கிய சிறு வெள்ளிக்காசாயிருந்தால் விலைபோகாதென்று கலப்புப் பொட்டலத்தில் எறிவான். இப்னு அப்பாதின் காசு அப்படி எத்தனை பொட்டலங்களில் போயிற்றோ, யார் கண்டார்?

இது கற்பனை அச்சமன்று. 2018 ஜூலையில் இத்தாலியக் காவல்துறை, பிற ஐரோப்பிய நாட்டுக் காவலரோடு கூடி, சிசிலியின் கல்தானிசெத்தா வட்டாரத்தில் வேரூன்றி அயல்நாட்டு ஏலக்கூடங்கள்வரை கிளைவிட்டிருந்த ஒரு கடத்தல் வலையைப் பிடித்தது. அதில் சிக்கியவை பெரும்பாலும் கிரேக்க, உரோமானியப் பொருள்கள். எனினும் கருவி ஏந்திச் செல்பவன் கிரேக்கக் காசை மட்டும் தேடி அரபுக் காசை மண்ணிலேயே விட்டுவருவான் என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும். இத்தாலியில் மண்ணுக்குள்ளிருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது என்பது 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நிலைத்த நெறி. 2004ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, தற்செயலாய்க் கண்டெடுத்து முறையாய் அறிவிப்பவருக்கும் நிலத்துக்காரருக்கும் மதிப்பில் கால் பங்குக்கு மேற்படாத பரிசும் உண்டு. நேர்வழி அடைபட்டிருக்கவில்லை.

இனி நம் கிதாபுகளுக்கு வருவோம். புதையலைப்பற்றிய பாடத்தை மத்ரஸாவில் ஓதியவர்கள் நினைவுகூரட்டும். இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்துப் புதையலானால் அது 'ரிகாஸ்'. ஐந்திலொரு பங்கு ஜகாத்தாகக் கொடுத்து எஞ்சியதைக் கண்டவர் கொள்ளலாம். ஆனால் அதன்மேல் இஸ்லாமிய அடையாளம் இருக்குமானால், அதாவது ஆயத்தோ கலிமாவோ முஸ்லிம் அரசரின் பெயரோ இருக்குமானால், அது ரிகாஸ் அன்று. உரியவர் அறியப்பட்டால் அவருக்குரியது. அறியப்படாவிட்டால் 'லுக்தா', பிறர் தவறவிட்ட பொருள். அதை எடுத்தவர் ஊரறிய அறிவிக்கவேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜும் ஹனஃபீ மத்ஹபில் ஹிதாயாவும் இதில் ஒத்த குரலில் பேசுகின்றன. எவ்வகையினது என்று ஐயம் எழுந்தாலும் லுக்தாவாகவே கொள்ளவேண்டும் என்பது மின்ஹாஜின் தீர்ப்பு.

இதை ஊன்றி நோக்குக. எந்த எழுத்தைக் காட்டி இவ்வன்பர்கள் 'இது நம்முடையது' என்கிறார்களோ, அதே எழுத்தைக் காட்டித்தான் நம் ஃபுகஹாக்கள் 'இது உன்னுடையதன்று' என்கின்றனர். 'நாங்கள் தோண்டவில்லை, வாங்கினோம்' என்பது மறுமொழியாகுமா? திருட்டுப் பொருளென்று ஐயுறத்தக்கதை விசாரியாமல் வாங்குபவனை எந்தக் கடைத்தெருவும் நல்லவன் என்று சொல்லாது.

ஜகாத்தைப்பற்றியும் ஒரு சொல். இருபது மிஸ்கால் பொன்னுக்கு ஜகாத் கடமை. அது எண்பது ருபாஈயின் எடை. சட்டத்துள் பதித்த காசு நகையன்று, சேமித்த பொன்னே. எண்பது இல்லையென்று தப்பவும் இயலாது. வீட்டிலுள்ள பிற பொன்னோடு கூட்டிப் பார்க்கவேண்டும். நார்மானியத் தாரியில் இருபத்து நான்கில் பதினாறு பங்குக்குச் சற்று மேலே மட்டுமே பொன் என்பதால் அதற்கேற்பக் கணக்கிடுக. "அது தொல்பொருள் ஆயிற்றே" என்று நெற்றி சுருக்குவோருக்கு, தொல்பொருள் என்றொரு விலக்கு நாம் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை என்பதே விடை.

எழுத்தை விரும்பி, எழுத்தைப் படியாமல் இருந்தால் என்ன விளையும் என்பதற்குச் சிசிலியே ஒரு கதை வைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பலெர்மோவில் அரபு வரலாற்றின்மேல் பெரும் ஆசை பிறந்தது. அரபி அறிந்தவர்தாம் இல்லை. மால்ட்டாவைச் சேர்ந்த ஜுசெப்பே வெல்லா என்னும் பாதிரியார், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு அடங்கிய ஒரு கையெழுத்துப் பிரதியின் எழுத்துகளைத் திரித்து, அது சிசிலி அமீர்களின் அரசாங்க ஏடு என்று 'மொழிபெயர்த்து' வெளியிட்டார். பேராயர் ஐரோல்தி ஆதரித்தார். பல்கலைக்கழகத்தில் அரபிப் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. 1796இல் குற்றம் தீர்ப்பாகிச் சிறைத் தண்டனை விதிக்கப்படும்வரை மயக்கம் நீடித்தது. இன்று ஏலங்களில் போலி ருபாஈ விற்பவன் அந்த வெல்லாவின் வாரிசு. படிக்கத் தெரியாமல் வாங்குபவர் அந்தப் பேராயரின் வாரிசு.

அதே பலெர்மோவில்தான் மிக்கேலே அமாரி பிறந்தார். 1842இல் எழுதிய நூலால் அரசின் சினத்துக்கு ஆளாகிப் பாரிசுக்குத் தப்பியவர், முப்பத்தைந்து வயதைக் கடந்தபின் அங்கே அரபி கற்று, 1854 முதல் 1872 வரை பாடுபட்டுச் சிசிலி முஸ்லிம்களின் வரலாற்றை எழுதி முடித்தார். பலெர்மோ நகர நூலகத்தின் அரபுக் காசுகளை லகுமினா வரிவரியாய்ப் படித்து 1892இல் பட்டியலிட்டார். அவர்களுக்கு அரபி வீட்டிலோ பள்ளியிலோ கிடைத்ததன்று. நம் பிள்ளைகளோ ஐந்து வயதில் அலிஃப் பா ஓதுகின்றனர். கூஃபி எழுத்தில் ஒரு வரியைக் காட்டினால் விழிக்கின்றனர். (பத்தாம் நூற்றாண்டில் பலெர்மோ சென்ற இப்னு ஹவ்கல், அங்கே பள்ளி முஅல்லிம்கள் முந்நூறு பேருக்குமேல் இருந்தும் அறிவில்லை என்று ஏசியிருக்கிறார். முஅல்லிமாகிய நமக்கு அது உறைக்கத்தான் செய்கிறது.) ஒரு ருபாஈக்குக் கொடுக்கும் விலையில், காசு படிக்கும் கலையை மூன்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நூல்களை வாங்கலாம். பெரிய அருங்காட்சியகங்கள் தம் காசுகளின் படங்களை யாரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கின்றன.

பழைய சேகரங்களிலிருந்து முறையான சீட்டோடு வரும் காசுகளின்மேல் நமக்கு வழக்கில்லை. அத்தகையதை வாங்கிப் படித்து, பிறருக்கும் படித்துக் காட்டுவோர் வாழ்க. நம் வழக்கெல்லாம் ஊர் பேர் இல்லாமல், 'ஐரோப்பியச் சேகரம்' என்னும் ஒற்றைச் சொல்லோடு வருபவற்றைப்பற்றியே. தொல்பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை இந்தியா 1977இலும் இத்தாலி 1978இலும் ஏற்றுள்ளன. அப்படி ஒரு காசு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்றால், இரு பக்கங்களையும் படமெடுத்து, யாரிடம் எப்போது வாங்கியது என்பதை எழுதி, இத்தாலியத் தூதரகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பலாம். லுக்தாவை அறிவிக்கவேண்டும் என்று நம் கிதாபுகள் இட்ட கட்டளையை நிறைவேற்ற, இன்றைக்கு அதற்கு அஞ்சல் செலவே போதும்.