ஐசி பார்க்காமல் தாலி எடுத்துக் கொடுக்கலாமா?



'தஹாட்' இந்தித் தொடர் 2023-இல் அமேசான் பிரைமில் வந்தது. நம்ம கோயில் இளைஞர்கள் சில பேர் இப்பதான் பார்த்து முடிச்சாங்க. "முடிவு சப்புன்னு இருக்குண்ணே. அத்தனை பொண்ணுங்களைக் கொன்னவனைச் சுட்டிருக்க வேணாமா?"ன்னு கேட்கிறாங்க.

எனக்கு அந்த முடிவுதான் சரின்னு படுது. கொலைகாரன் போலீஸில் மாட்டுறான். ஆனா கதை அதோட நிக்கல. சாதிக்குப் பயந்து அப்பா மாத்தி வெச்ச குடும்பப் பேரை, அந்தப் பெண் போலீஸ் அதிகாரி மறுபடியும் எடுத்துக்கிறாங்க. காணாமப் போன பெண்கள் ஏழைங்க, ஒதுக்கப்பட்ட சாதிங்க. அதனாலதான் யாரும் தேடல. கொலைகாரனுக்கு அதுதான் தைரியம். அவனைச் சுட்டுட்டா அது சரியாயிடுமா?

இதே மாதிரி நிஜமா நடந்திருக்கு. மங்களூர் பக்கம் மோகன் குமார்னு ஒரு பள்ளி ஆசிரியர். 2003 முதல் 2009 வரை 20 பெண்களைக் கொன்னவன். பெண்ணோட சாதிக்கு ஏத்த மாதிரி பொய்ப் பேர் சொல்வான். கல்யாணம்னு நம்ப வெச்சு, நகையோட வெளியூருக்குக் கூட்டிப் போவான். மறுநாள் காலையில் நகையை அறையில் வைக்கச் சொல்லிட்டு, கர்ப்பத்தடை மாத்திரைன்னு சயனைடைக் கொடுப்பான். பேருந்து நிலையக் கழிப்பறையில் உடல் கிடக்கும். யாருன்னு தெரியாத பிணமாகவே பல கேஸ் முடிஞ்சது. 2009-இல் ஒரு பெண்ணோட ஊர்க்காரங்க போராடின பிறகுதான் ஃபோன் பதிவை வெச்சுப் பிடிச்சாங்க. 20-ஆவது வழக்கின் தீர்ப்பு 2020-இல்தான் வந்தது.

இதை ஏன் கோயில் பக்கத்தில் எழுதுறேன்? சுங்கை சிப்புட் தோட்டங்களில் நம்ம பெற்றோர் இருந்த காலத்தில், மாப்பிள்ளை யார் வீட்டுப் பிள்ளைன்னு லயமே சொல்லிடும். இப்ப தோட்டம் போச்சு, ஆளுக்கொரு தாமான். பழக்கம் ஃபோனில்தான். சில ஜோடிகள் நேரா கோயிலுக்கு வந்து, "அர்ச்சனை பண்ணித் தாலி எடுத்துக் கொடுங்க"ன்னு கேட்கிறாங்க.

1982 மார்ச் 1 முதல் நம்ம கல்யாணத்தைப் பதிவு செய்யணும்னு சட்டம். அது வெறும் காகித வேலை கிடையாது. ஐசி பார்க்கிறாங்க, ஆட்சேபனை இருந்தாச் சொல்ல அவகாசம் இருக்கு. ஏற்கெனவே மனைவி இருக்கிறவன் அங்கேதான் மாட்டுவான். அதனால பதிவுப் பத்திரம் இல்லாமல் எந்தக் கோயிலிலும் தாலி எடுத்துக் கொடுக்கக் கூடாதுங்கிறது என் கருத்து.

"மறுத்தா வேற கோயிலுக்குப் போவாங்களே"ன்னு சொல்வீங்க. போகலாம். அதனால விரட்டாதீங்க. உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, பொண்ணுகிட்ட தனியா நம்ம பெண் தொண்டர் ஒருத்தர் பேசட்டும். பதிவுக்கு நாமே கூடப் போவோம். பெற்றோரும், முப்பது வயசாச்சுன்னு பிள்ளையைக் குத்திப் பேசாதீங்க. யார் கிடைச்சாலும் போதும்னு அவங்க போறது அந்தப் பேச்சாலதான்.

எங்க தொழிற்சாலைக்குள்ளே ஒரு லோரி வரணும்னாலே டிரைவர் ஐசியைக் கொடுத்து பாஸ் வாங்கணும். ஒரு பொண்ணோட வாழ்க்கைக்கு அவ்வளவுகூட வேணாமா? அடுத்த ஆலயக் கூட்டத்தில் இதைப் பேசுவோம், வாங்க.