சங்கராவில் இரண்டு ஜாதி!

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையில் எந்த மீன் கடைக்குப் போனாலும், ஐஸ் மேல் சிவப்பாகப் படுத்திருக்கும் சங்கரா கண்ணில் படாமல் இருக்காது. கடலே இல்லாத நம் ஊருக்கு ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் அனுப்பும் சீர் அது.

ஆனால், 'சங்கரா' என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பத்து மீன்கள் விற்கின்றன, கவனித்திருக்கிறீர்களா?

வெளிர் ரோஸ் நிறம், உடம்பில் மஞ்சள் கோடுகள், வாலின் மேல்முனையில் நூல் போல ஒரு நீட்சி. இது சேறும் மணலுமான கடல் தரையில் திரியும் மீன். முழுசாக வளர்ந்தாலே ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும்.

அகலமான உடம்பு, அழுத்தமான சிவப்பு, வாயின் முன்பக்கம் கூரான பற்கள். இது 'ஸ்னாப்பர்' குடும்பம். பெரிதாக வளரும்; ஆனால் முட்டையிடும் பருவத்துக்கு வரவே சில வருடங்கள் ஆகும். மெக்சிகோ வளைகுடாவில் இருக்கும் இதன் சொந்தக்கார மீன் 50 வருடங்களுக்கு மேலும் வாழ்கிறது!

ஸ்னாப்பர்களில் பல வகை, குஞ்சாக இருக்கும்போது கடல்புல்லிலும் அலையாத்தி மர வேர்களுக்கு நடுவிலும் ஒளிந்து வளரும். பெரிதானதும் பவளப்பாறைக்குக் குடிபோகும். கரீபியன் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே பெலீஸ் நாட்டுக் கடலில் பௌர்ணமியை ஒட்டி ஸ்னாப்பர்கள் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும்; அந்த முட்டைகளைத் தின்ன திமிங்கலச் சுறாக்களே வந்துவிடும்.

நம் பக்கத்தில் இவற்றுக்கு வீடு, மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஏகத்துக்கும் வெட்டியிருந்தோம். இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள். போதாததற்கு, 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. வீடு சுருங்கினால் பிள்ளைகுட்டி எப்படிப் பெருகும்?

மீன்கள் பெருகட்டும் என்றுதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த முறை கடையில் வாலையும் பல்லையும் பாருங்கள். நூல்வால் சங்கரா சாண் அளவில் இருந்தால் தாராளமாக வாங்கிக் குழம்பு வையுங்கள். உள்ளங்கை அளவு ஸ்னாப்பர் என்றால், "இது குஞ்சு, வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். கேட்க ஆள் இல்லாத குஞ்சுக்குச் சந்தையில் விலை இருக்காது.