திறக்காத இதழ்கள்

மின் ஆய்விதழ்களுக்குச் சந்தா பேரம் பேசுகிற வேலை நூலகர் கையைவிட்டுப் போய்விட்டது தோழர்களே. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்காக 30 பதிப்பகங்களோடு மேலேயே பேசி முடித்தார்கள். ஏறத்தாழ 13,000 இதழ்கள், 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். கல்லூரிக்குக் கல்லூரி தனியாகப் பேசி ஏமாந்ததற்கு இது மேல்தான். ஆனா முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்னு வகுத்துட்டாங்க.

வங்கியில் கல்விக்கடன் தாள்களைப் புரட்டுகிறவன் நான். சேரிப்பிள்ளைகள் பலர் கடன்பட்டுச் சேர்வது சுயநிதிக் கல்லூரியில். சோப்புக்கும் செருப்புக்கும் அவங்க அப்பன் கட்டுற வரியும் அந்தக் கோடிகளில் உண்டு. இதழ் மட்டும் திறக்காது. 1927இல் மகத்தில் அம்பேத்கர் இறங்கியதும் பொதுக்குளத்தில்தான்.

இந்தச் சந்தா 2027 வரை. அடுத்த பேரத்துக்குள் சுயநிதி மாணவரையும் சேர்க்கச் சொல்லி மனு எழுதுங்க, கல்லூரி கல்லூரியா கையெழுத்து வாங்குங்க.