ஷின்ஜுகுவுக்கு அடுத்த நிலையம்



ஜப்பான் தேசத்தின் தலைநகரான டோக்கியோவில் ஷின்ஜுகு என்றொரு புகைவண்டி நிலையம் உண்டு. இம்மாதம் அதைப் பற்றி எழுத முற்படுகிறோம். பங்குக் குடும்பங்களுக்கான ஏட்டில் அயல்நாட்டு இரயில் நிலையத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் போய்ச் சேர விரும்புவது அந்நிலையத்துக்கன்று, அதற்கு அடுத்த நிலையத்துக்கு. ஆயினும் ஷின்ஜுகு வழியாகத்தான் அங்கே போக வேண்டும்.

1885-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் அந்நிலையம் திறக்கப்பட்டபோது அது நகருக்குப் புறத்தே கிடந்த ஓர் எளிய நிறுத்தம். பழைய நெடுஞ்சாலை ஒன்றில் வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் சத்திரங்கள் நிறைந்த ஊர் அது. ஷின்ஜுகு என்னும் சொல்லுக்கே 'புதிய தங்குமிடம்' என்பதுதான் பொருள். இப்பொருளை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் இருப்புப்பாதைகளும் சுரங்க இரயில்களும் அங்கே வந்து கூடின. இன்று ஐந்து நிறுவனங்களின் வண்டிகள் அந்நிலையத்தில் சந்திக்கின்றன. வெளியேறும் வாயில்கள் மட்டும் 200-க்கு மேல். நாளொன்றுக்கு ஏறக்குறைய 35 இலட்சம் பேர் அதனைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கிட்டு, உலகிலேயே மிகுந்த சந்தடியுள்ள இரயில் நிலையம் அதுவே எனக் கின்னஸ் நூல் பதிந்துள்ளது. ஒரு பெருநகரத்தின் மக்கள் அனைவரும் தினந்தோறும் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து வெளியேறுவதைப் போன்றது இது. உள்ளூர்வாசிகளே வாயில் தவறிப்போய்த் திகைப்பார்களாம்.

வண்டிகளுக்குள் பிரயாணிகளைக் கைகளால் அழுத்தித் திணிக்கும் வெள்ளைக் கையுறைக்காரரின் புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 'ஓஷியா', அதாவது தள்ளுபவர், என்று அவருக்குப் பெயர். 1955-ஆம் ஆண்டில் இந்த ஷின்ஜுகு நிலையத்தில்தான் மாணவர்களைப் பகுதிநேர ஊழியர்களாக அமர்த்தி இம்முறையைத் தொடங்கினார்கள். அப்படத்தைப் பார்த்து, மனிதனை மூட்டையாக்கிவிட்ட நாகரிகம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. நாம் அவர்களோடு சேர மாட்டோம். அந்நாட்டார் வரிசை கலையாமல் நிற்கிறார்கள். இறங்குவோருக்கு வழிவிட்ட பின்னரே ஏறுகிறார்கள். வண்டி சில நிமிடம் பிந்திவிட்டால், அலுவலகத்தில் காட்டுவதற்கென்று இரயில்வே ஊழியரே தாமதச் சான்றுச் சீட்டு அளிக்கிறார். பார்வையற்றோர் காலால் தடவி வழியறிய உதவும் மேடு பதித்த மஞ்சள் கற்கள் நம் ஊர் நிலையங்களிலும் இன்று காணப்படுகின்றன அல்லவா? அவற்றைக் கண்டறிந்தவர் மியாகே செயிச்சி என்னும் ஜப்பானியரே. 1967-ஆம் ஆண்டில் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பிறரை இடிக்காமல் வாழ்வதும் ஒருவகைப் பிறரன்புதான். திருவிழாத் தேரடியில் நாம் நடந்துகொள்ளும் விதத்தை எண்ணினால் இதற்கு மேல் பேச நமக்கு வாயில்லை.

ஆனால் இடிக்காமல் விலகிச் செல்லும் இப்பழக்கம் எங்கே போய் முடிகிறது என்பதையும் ஷின்ஜுகுவே காட்டுகிறது. 1990-களில் ஜப்பானின் பொருளாதாரம் சரிந்தபோது வேலையும் வீடும் இழந்தவர்கள், நிலையத்தின் மேற்கு வாயிலுக்கு அடியிலுள்ள சுரங்க நடைவழியில் அட்டைப் பெட்டிகளால் குடில் கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு இலட்சக்கணக்கானோர் நடந்து சென்றனர். 1991-இல் நகர ஆட்சித் தலைமையகம் அவ்வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அதை நோக்கிச் செல்வோருக்கு நகரும் நடைபாதை அமைக்க வேண்டும் என்று கூறி, 1996-ஆம் ஆண்டு சனவரியில் நடைவழிக் குடில்களை அகற்றினார்கள். அகன்றவர்கள் அருகிலேயே மீண்டும் ஒதுங்கினார்கள். 1998 பிப்ரவரியில் அங்கே தீப்பற்றி நால்வர் மாண்டனர். அதன்பின் அட்டைக் குடியிருப்பு இல்லாமற்போயிற்று. 'புதிய தங்குமிடம்' என்று பெயர் கொண்ட ஊரில் நடந்தது இது.

நற்செய்தியில் ஒரு நெரிசல் வருகிறதே, நினைவிருக்கிறதா? பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் நுழைந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். எல்லாரும் நெருக்கித் தள்ளும்போது தொட்டவர் யார் என்று கேட்கிறீரே என்று சீடர்கள் வியந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆயினும் ஆண்டவர் நின்றார், திரும்பிப் பார்த்தார். அவசரமாகச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றப் போய்க்கொண்டிருந்த வழியில் நின்றார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இனி அடுத்த நிலையத்துக்கு வருவோம். ஷின்ஜுகுவிலிருந்து வடக்கே ஒரே நிறுத்தம், பெயர் ஷின்-ஒகுபோ. கொரிய மக்களின் கடைகளும் உணவகங்களும் மிகுந்த பகுதி. 2001-ஆம் ஆண்டு சனவரி 26, வெள்ளிக்கிழமை. அந்த நாளை இந்திய நாடு மறக்காது. அன்று காலையில்தான் குஜராத்தில் பூமி அதிர்ந்து ஆயிரமாயிரம் பேர் புதையுண்டனர். அத்துயரில் மூழ்கியிருந்த நமக்கு, அதே நாள் மாலை டோக்கியோவில் நிகழ்ந்த சிறு விபத்தொன்று காதில் விழாமற்போனதில் வியப்பில்லை.

மாலை ஏழேகால் மணியளவில், மது அருந்தியிருந்த ஒருவர் நடைமேடையிலிருந்து தவறித் தண்டவாளத்தில் விழுந்தார். வண்டி வந்துகொண்டிருந்தது. பகுதிநேர வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த லீ சூ-ஹியோன் என்னும் 26 வயது கொரிய மாணவர் கீழே குதித்தார். 47 வயதான செகினே ஷிரோ என்னும் ஜப்பானியப் புகைப்படக் கலைஞரும் குதித்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், விழுந்தவரையும் அறியாதவர்கள். மூவரும் மாண்டார்கள்.

1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் அடக்கி ஆண்டது. அவ்வடு இரு மக்களின் உள்ளத்திலும் இன்னும் ஆறவில்லை. அப்படியிருக்க, ஒரு கொரிய இளைஞன் ஜப்பானியன் ஒருவனுக்காகத் தண்டவாளத்தில் இறங்கினான் என்ற செய்தி ஜப்பான் முழுவதையும் உலுக்கியது. மகனுக்காக வந்து குவிந்த இரங்கல் தொகையைப் பெற்றோர் தங்களுக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் மொழி பயில வரும் ஆசிய மாணவர்களுக்கு உதவித்தொகையாக்கினார்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அதனால் பயனடைந்திருக்கிறார்கள். மகனைப் பறித்த நகரத்துக்கு அத்தாய் பலமுறை வந்து, அந்நிலையத்தில் மலர் வைத்து வணங்கியிருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழும். விழுந்தவரும் பிழைக்கவில்லையே, இருவர் உயிரும் வீணாயிற்றே என்பீர்கள். கல்வாரியில் அன்றைய வெள்ளிக்கிழமை மாலை நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இவ்வளவே நம்மால் சொல்ல முடிகிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அது நம்மையும் சுடுகிறது. வெளியே புறப்படும் பிள்ளைக்கு நாம் சொல்லியனுப்பும் புத்திமதி என்ன? 'எவன் எக்கேடு கெட்டால் உனக்கென்ன? உன் வேலையைப் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்' என்பதுதானே? பெற்றோரை மட்டும் குறை கூறவில்லை. உயிரைக் கொடுக்கும் அன்பைப் பற்றித் திருப்பலியில் மறையுரை ஆற்றிவிட்டு, உடை மாற்றும் அறையில் பீடச் சிறுவனைப் பார்த்து, 'ஆற்றில் யார் மூழ்கினாலும் நீ இறங்காதே, பெரியவர்களைக் கூப்பிடு' என்று சொல்பவர்களே நாமும். அப்படிச் சொல்வது பிழையுமன்று. ஜப்பானிய இரயில்வேயும் இன்று அதையே சொல்கிறது. நடைமேடைகளில் அவசர நிறுத்தப் பொத்தான்கள் இருக்கின்றன. எவரேனும் விழுந்தால் தண்டவாளத்தில் இறங்காமல் பொத்தானை அழுத்துங்கள் என்று அறிவிப்பும் இருக்கிறது. 2013-இல் ஷின்-ஒகுபோ நடைமேடையில் தடுப்புக் கதவுகளே அமைக்கப்பட்டுவிட்டன. விவேகமும் ஒரு புண்ணியம் என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். ஆனால் பொத்தானை அழுத்தவும் முதலில் நிற்க வேண்டுமே. நிற்கப் பழகாத பிள்ளைக்குப் பொத்தான் இருக்கும் இடம் தெரிந்து என்ன செய்ய?

அதே பாதையில் ஷின்ஜுகுவுக்குத் தெற்கே மூன்றாவது நிலையம் ஷிபுயா. இறந்துபோன எசமானருக்காக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஹச்சிகோ என்னும் நாயின் சிலை அங்கேதான் உள்ளது. அதன் கதையைத் திரைப்படமாகப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நம் இல்லங்களிலும் உண்டு. அச்சிலையருகே எந்நேரமும் கூட்டம். ஷின்-ஒகுபோவில் சிலை ஏதுமில்லை. நடைமேடைக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரில், ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் அவ்விருவரின் செயலைப் பொறித்த பலகை ஒன்று இருக்கிறது. மாலை வேளையில் அப்படிகளில் ஏறுவோர் அதன்முன் நிற்பதற்கில்லை. ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் இடறுவார். ஆண்டுதோறும் சனவரி 26 அன்று அதன் அடியில் மலர் வைக்கிறார்கள்.